வாளியில் வைத்த பூங்கொப்பு

லா ஷோ-து-ஃபோன், சுவிஸ்
21.08.2016

அன்பு மகள் ஹரிஷாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நியூசிலாந்துக் குளிரில் நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன், உன் புருஷனின் சுகத்தை நான் கேட்கவில்லை, கேட்டதாக அம்மா சொன்னால் நம்பாதே. நீ அனுப்பிய நாலு பக்கத்தையும் வாசித்தேன். அப்பிள் ஆராய்ச்சிக்குப் படிக்க வைத்த எனக்கே அப்பிள் பாடம். ஒரே தாய்மரத்து ஒட்டு என்றால் என் வளவில் நிற்கும் மூன்று மரமும் ஒரு மரம்தானாம், பூ தன் சொந்த மகரந்தத்தை அடையாளம் கண்டு பாதி வழியில் நிறுத்திவிடுமாம், வேறு இனத்து மகரந்தம் வந்தால்தான் காய்க்குமாம். நீ மரத்தைப் பற்றியா எழுதினாய்? சாதி பார்த்த அப்பனுக்குச் சொன்ன பதில் என்று விளங்காத அளவுக்கு நான் மடையன் இல்லை.

ஓம், வளவு மூலையில் நின்ற காட்டு அப்பிளை வெட்டியது நான்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ கொண்டுவந்து நட்டது, கோலிக்குண்டு அளவில் புளித்த காய், யாருக்கு வேண்டும்? உன் கலியாணப் படம் தபாலில் வந்த அன்றே, பனி உருக முன்னமே வெட்டினேன், வெட்டும்போது சந்தோஷமாகவே இருந்தது. அதன்பிறகு இரண்டு வருடம் என் மூன்று மரமும் வெள்ளையாகப் பூத்துக் கொட்டின, ஒரு காய் இல்லை. இந்த உயரத்தில் அக்கம்பக்கத்தில் வேறு அப்பிளும் இல்லை. குளிரில் பூ கருகிவிட்டது என்று தொழிற்சாலையில் குகதாசனிடம் சொல்லி வைத்தேன்.

இந்த வைகாசியில் அம்மா தான் துப்புரவு வேலைக்குப் போகும் பக்கத்து ஊர் வீட்டிலிருந்து பூத்த அப்பிள் கொப்புகளை வாங்கிவந்து, வாளித் தண்ணீரில் போட்டு மரத்தடியில் வைத்தாள். சாமிக்கு என்று நினைத்தேன். தேனீ வந்து போனது, ஏழு காய் பிடித்தது. எப்படி என்று கேட்டால், “பிள்ளைதான் போனில சொல்லித்தந்தவள், பேரன் வந்து ஆயட்டும் எண்டு விட்டிருக்கிறன்” என்றாள். அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனதும் ஏழையும் பச்சையாகவே ஆய்ந்து காலால் மிதித்தேன்.

அவள் அழவில்லை. மிதிபட்ட காய்களைக் கூட்டி அள்ளினாள். பிறகு, உன்னிடம் வரப்போகிறாளாம், திரும்பிவர டிக்கெட் எடுக்கவில்லையாம் என்று வந்து நின்றாள். முப்பது வருடக் குடும்பம். “மருமோனையும் கூட்டிக்கொண்டு வா எண்டு உங்கட கையால ஒரு வரி எழுதுங்கோ, நான் போகாமல் இங்கயே நிக்கிறன்” என்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். அந்த வரியை எழுதுகிறேன் என்று நினைத்து இப்போதுதான் தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள், கன நாளைக்குப் பிறகு சிரித்த முகம். நான் எழுத மாட்டேன்.

அந்த வரி இல்லை என்று உன்னிடம் அறிந்ததும், வருகிற மாதம் பன்னிரண்டாம் திகதி விமானத்தில் வருவாள், போய்க் கூட்டிக்கொண்டு வா. பிரஷர் குளிசையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக் கொடு, தானாகப் போட மாட்டாள், இங்கே நான்தான் கொடுக்கிறது. உனக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம், அவனுக்கு இல்லை. இதை ஒட்டித் தபாலில் போட அவளிடமே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கனகரத்தினம்