எழுத்தாளர் பெஞ்சு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே என் ஒரு கணுக்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

இந்தக் கிராமத்துக் கிறிஸ்தவப் பங்குக் கோயிலுக்கு வெள்ளையடிக்கும்போது ஏணி சறுக்கிவிட்டது. பதறாதே, கடைசிப் படியில்தான். சாமியார் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், யாரும் தொடாதபடி கயிறு கட்டி வைத்திருக்கும் பெஞ்சில் உட்காரவைத்தார். அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பெரிய எழுத்தாளர் ஒருவர் பூசை நேரத்தில் அதில் உட்கார்ந்துதான் கதை யோசிப்பாராம்! அதைப் பார்க்க வந்தவர்கள் என்னையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

“சும்மாதானே இருக்கீங்க, ஏதாவது எழுதுங்க. இதுல உக்காந்தா தானா வரும்” என்று சாமியார் பேனா கொடுத்தார். கதை எங்கே வருகிறது? நீதான் வருகிறாய்.

சாமியார் கோயிலைப் பூட்டச் சாவியோடு நிற்கிறார், முடிக்கிறேன். உன் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்து அனுப்பு. காலுக்குக் கட்டத்தான். துவைத்துவிடாதே.