மேகம் வேண்டாம், பலகை போதும்

மச்சான்,

இன்று காலை உன் டிசைன் கடைக் கொம்பியூட்டரில் உன்னைப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு உன் மனைவி படம் தயார் செய்துகொண்டிருந்தாள். பின்னால் வெள்ளை மேகம். கன்னத்து அம்மைத் தழும்புகளைக் காணோம். சவர்க்கார விளம்பரத்துக்கு வந்தவன் போல வழவழவென்று இருந்தாய்.

"சொந்தக்காரர் இப்பிடித்தான் கேக்கினம், அண்ணை."

"இது அவனில்லை, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன், அந்தப் பலகையை எடுக்க.

கரையில் இழுத்து வைத்திருந்த என் வள்ளம் எரிந்த வருடம்தான் மகளுக்குக் கலியாணம் பேசினோம். யார் எரித்தது என்று கேட்கக்கூடிய காலமில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அழைப்பிதழில் வள்ளம் இருந்தே ஆகவேண்டும் என்று நின்றேன். எரித்தவன் கையிலும் ஒன்று கிடைத்தால் நல்லதுதானே! நீ கொம்பியூட்டரில் வரைந்து காட்டினாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிவிட்டு வெளியே வந்த எனக்கே தெரிந்தது, அது வள்ளமில்லை, பிளாஸ்டிக் வாளி.

"தோல் இல்லை மச்சான், அதுதான். மிஞ்சின பலகை ஒண்டு கொண்டு வா. ஸ்கேன் பண்ணி இதுக்கு மேல போத்திவிடுறன்" என்றாய்.

படம் பிடிக்கிற சாமானை அழுக்கோடு கொண்டுபோகலாமா? ஒரு பகல் முழுக்க சாண்ட்பேப்பரால் தேய்த்து, நீலப் பெயின்ற் அடித்து, மாப்பிள்ளையைப் போல் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் நேவிக்காரன் மறித்தான்.

"இது என்ன?"

"வள்ளம், ஐயா."

"வள்ளம் எங்க?"

"இவ்வளவுதான் மிச்சம்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் விட்டுவிட்டான். நீதான் விடவில்லை.

"விசரா! நான் கேட்டது உப்பும் வெடிப்பும். நீ பெயின்ற்றைக் கொண்டு வந்திருக்கிறாய். இழைச்சா எல்லாப் பலகையும் ஒண்டுதான்ரா!" பலகையைத் திருப்பினாய். உள்பக்கத்தில் கரி, உப்பு, காய்ந்த செதிள் எல்லாம் அப்படியே. "நல்லகாலம், உன்ர மூளை மற்றப் பக்கத்துக்கு எட்டேல்லை."

ஸ்கேனர் மூடியை மூட ஏலாமல், வெளிச்சம் புகாதபடி பழைய சாரத்துணியால் போர்த்தினாய். திரையில் அந்தப் பலகை நீ வரைந்த வள்ளத்துக்கு மேல் விரிந்தது. 'மல்டிப்ளை' என்று எதையோ அழுத்தினாய். வெளிறல் மறைந்து, வெடிப்புகள் மட்டும் நிறத்துக்குள் இறங்கின. வாளி வள்ளமாயிற்று. எனக்கு மீன் மணமே வந்தது.

பிறகு கிளிவெட்டியிலிருந்து சம்பந்தி வந்தார். "எரிஞ்ச சாமான் கலியாணக் கார்ட்டில வேண்டாம்" என்றார். நான் கதிரையை விட்டு எழும்பினேன். நீ கையைப் பிடித்து இருத்தினாய்.

"ஓம் ஐயா, வள்ளத்தை எடுத்துவிடுறன்."

எடுத்தாய். பலகையை மட்டும் கார்ட் முழுக்க விரித்து, அதன்மேல் மகளின் பெயரை எழுதினாய், வள்ளத்தில் இருந்தது போலவே. சம்பந்தி தடவிப் பார்த்து, "நல்ல டிசைன், மரம் மாதிரியே கிடக்கு" என்று மெச்சினார். என் வள்ளம் ஊரெங்கும் போனது. ஒவ்வொரு சாவடியாகத் தாண்டிப் போனது. ஒருவனும் மறிக்கவில்லை.

போன மாதம் சந்தையில் குண்டு வெடித்தபோது நீ மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றாய். அதற்கும் யார் என்று கேட்க ஏலாது. உன்னைக் கொன்றதும் போதாமல் இழைக்கவும் விடுவேனா?

இன்றும் அதே பலகை, அதே சாவடி. நின்றவன்தான் வேறு.

"இது என்ன?"

"என்ர கூட்டாளி, ஐயா."

பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். விசரன் என்று நினைத்திருப்பான். நீயே சொன்னதுதானே.

பலகையைக் கண்டதும் உன் மனைவி கேட்டாள்: "இந்தமுறையும் சாண்ட்பேப்பர் போட்டனீங்களோ, அண்ணை?"

"போட்டா அவன் எழும்பி வந்து அடிப்பான், தங்கச்சி."

நீ போனபிறகு அவள் சிரித்ததை இன்றுதான் கண்டேன். மேகத்தை அழித்தாள், பலகையை ஸ்கேன் பண்ணினாள். தழும்புகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன. இப்போது உனக்குப் பின்னால் கரியும் வெடிப்புமாக என் வள்ளம் நிற்கிறது. அட்டை நாளை அச்சுக்குப் போகும். சாவடிகளைத் தாண்டுவதை இனி நீ பார்த்துக்கொள்.

பலகை என்னிடம்தான் இருக்கிறது. தேய்க்க நினைக்கிறவன் வரட்டும்.