சாட்சி போட வேண்டிய இடம்

அண்ணா,

மன்னி கொடுத்தனுப்பிய உன் பஞ்சாங்கத்தை இன்று பிரித்தேன். சந்தன வாசனையோடு நான்காக மடித்த தாள்கள் விழுந்தன. இதய வால்வு ஆய்வில் சேரும் சம்மதப் படிவம். நீ கையெழுத்திடாதது.

அதை எடுத்துக்கொண்டு நீ வந்த நாளை மறக்கத்தான் பார்க்கிறேன். ஒரே அக்ரஹாரத்து வீடு; சீட்டில் தெருப்பக்கம் உனக்கு விழுந்தது, கொல்லைப்பக்கம் எனக்கு. பாகம் பிரித்து நான் எழுப்பிய சுவரால், தெருவிலிருந்து பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றித்தான் என் பகுதிக்கு வர வேண்டும். சந்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாய். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாதிப் பேருக்கு நெஞ்சைத் திறந்து வால்வு வெப்பாளாம், பாதிப் பேருக்குத் தொடை வழியா குழாய் விட்டு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டராக்கும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கறது. எனக்கு பயமா இருக்குடா. படிச்சவன், நீ ஒரு வாக்கு சொன்னா சேந்துடறேன்."

படித்தேன். ஒழுங்கான படிவம்; எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றுகூட இருந்தது. 'சேர்ந்துகொள், நான் கூட வருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு.

"சீட்டுன்னா உனக்கென்ன கவலை? தெருப்பக்கம் விழுந்த மாதிரி இதுவும் நல்லதாத்தானே விழும்."

நீ கோபப்படவில்லை. தாள்களை மடித்துக்கொண்டே, "அன்னிக்கு அப்பா குலுக்கிப் போட்ட சீட்டை முதல்ல எடுத்தது நீதானேடா" என்றாய்.

உண்மைதான். என் கையால் எடுத்த சீட்டுக்காக உன்னை இருபது வருடம் வெறுத்தேன்.

ஆய்வில் சேராவிட்டாலும் ஆபரேஷன் உண்டு என்று டாக்டர் மன்னியிடம் சொன்னாராம். "பாக்கலாம், பாக்கலாம்" என்று நீ தள்ளிப்போட்டாய். ஆவணி அவிட்டத்துக்கு முன்பே போய்விட்டாய். சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன்.

அன்று நான் புரட்டாத கடைசிப் பக்கத்தை இன்றுதான் பார்த்தேன். சாட்சி என்ற இடத்தில் பென்சிலால் என் பெயரை எழுதி வைத்திருக்கிறாய். உறவு என்ற இடத்தில் 'தம்பி'. என்னைக் கேட்க வருவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மன்னியைப் பார்க்க இப்போது நான்தான் அந்தச் சந்து வழியாகச் சுற்றிப் போகிறேன். எனக்கு மூச்சு வாங்குவதில்லை. இருந்தும் அந்த மூன்று இடங்களிலும் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.