பந்தாடச் சமன் செய்த இடம்

போடிமெட்டு எஸ்டேட்,
12-1-1979

அன்புள்ள அய்யாவுக்கு, ஒச்சப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

எங்கள் பந்துக் குழுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பையன்கள் விளையாட, ஞாயிறுதோறும் நாங்களே சரிவை வெட்டி மைதானம் ஆக்கினோம் அல்லவா, அதைப் பார்க்கக் கங்காணி வந்தார்.

“மலையில இம்புட்டு மட்டமான எடமா! ஏலக்கா நாத்துக்கு இதுதான்டா தோது” என்றார்.

மறுநாளே நாற்றுப் பாத்தி போட்டாயிற்று. போட்டதும் நாங்கள்தான்; அன்றைய சோலி அது. வருத்தப்படாதீர்கள், சிரித்துக்கொண்டேதான் போட்டோம்.

வேறு சரிவு பார்க்கலாம் என்றேன் பையன்களிடம்.

“அதையும் மட்டமாக்கிக் குடுக்கவாண்ணே?” என்றார்கள்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் எஸ்டேட் ஜீப்பு கிளம்புகிறது. போடியில் பந்துக்குள் காற்றடைக்கும் பிளாடர் வாங்கச் சொன்னேனே, வேண்டாம். ஒரு தலையணை கொடுத்துவிடுங்கள். காற்றுப் போன பந்தைத்தான் தலைக்கு வைத்துப் படுக்கிறேன்.