அவனுக்காகவும் ஜெபிக்கிறேன்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, இங்கே நான் சுகம், உன் சுகத்தைத்தான் காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் சுகமாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன், அவரோடு நான் பேசுவதில்லை, சாப்பாட்டை மேஜையில் வைத்து பாத்திரத்தில் ஒரு தட்டு தட்டுவேன், அவர் வந்து உட்காருவார். அன்று போனில் உடனே வீடு மாறு என்று மட்டும் சொன்னேன், ஏன் எதற்கு என்று நீ கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். பயப்படாமல் படி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உன் புருஷன், அந்தப் பல்லழகன், இப்போதைக்கு அங்கே வரமுடியாது.

நீ அவனை விட்டு வெளிநாடு போனதிலிருந்து எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று நம் மூன்று பேருக்கு மேல் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டோம் இல்லையா, அதைப் போட்டு உடைத்தது உன் அப்பாதான். ரிப்பேருக்குப் போகிற வீட்டிலெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்கிற மனிதருக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தார். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். விவரமாகக் கேட்டால்தான் விவரமாகப் பதில் வரும் என்று போதகர் எப்போதோ சொன்னது இவர் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஊர் பெயர், ஆஸ்பத்திரி பெயர், நீ வேலை செய்கிற ரத்தப் பரிசோதனைக் கூடம் எந்த மாடி, ராத்திரி வேலை முடிந்து எந்த வழியாகத் தனியாக நடந்து போகிறாய், எல்லாவற்றையும் மைக்கில் சொல்லி, பிள்ளையுடைய பாதுகாப்புக்காக எல்லாரும் ஜெபிச்சுக்கங்க என்று கேட்டுக்கொண்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், ஆவியில் நிறைந்திருந்த மனிதருக்கு அது எங்கே தெரியும். சம்பந்தியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லி ஜெபிக்கப் போய்ப் பிள்ளை இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்த தகப்பனை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா. வீட்டுக்கு வந்து நான் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது, தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை, அதனால்தான் பேசாமல் இருக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் சம்பந்தியம்மா வீட்டில் நடந்தது. நீ போன பிறகு அந்த வாசலை நான் மிதித்ததில்லை, ஆனால் அவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரியவேண்டுமே, போனேன். கல்யாணத்துக்கு நான் என் கையால் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, ஷோரூமில் கார் வாங்க வந்தவர்களிடம் இளிக்கிற மாதிரியே எல்லோரிடமும் இளித்துக்கொண்டிருந்தான். பாட்டெல்லாம் முடிந்து ஜெபக்குறிப்பு கேட்டபோது சம்பந்தியம்மா எழுந்து, எம்மகன் பொண்டாட்டி இருக்கிற ஊருக்குப் போறான், பேசிக் கூட்டிட்டு வரப்போறான், பிரயாணம் நல்லபடியா அமையணும் என்றார். எல்லோரும் எவ்வளவு நல்ல புருஷன் என்று உச்சுக்கொட்டினார்கள். போதகருக்குக் குடும்பங்களைச் சேர்த்து வைப்பதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி, என் பக்கம் திரும்பி, பெத்த தாய் நீங்களே ஜெபிச்சு முடிச்சிடுங்கம்மா என்றார். அவனும் குழைந்துகொண்டு, ஜெபிங்க அத்தை என்றான்.

சரி என்று எழுந்தேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். தகப்பனே, இந்த மகன் புறப்பட்டு நிற்கிறான், இவனைப் பற்றி உமக்கு எல்லாம் தெரியும் என்று ஆரம்பித்தேன், ஆமென் என்றார்கள். என் மகள் குளியலறையில் வழுக்கி விழுந்து கை உடைந்தாள் என்று இவர்களெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் ஆண்டவரே, கதவிடுக்கில் அவள் மணிக்கட்டை வைத்து இவன் கதவை அறைந்து சாத்தியது உமக்குத் தெரியும் என்றேன். பழக்கதோஷத்தில் அதற்கும் நாலு பேர் ஆமென் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கி எறிந்தது, மாடியறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஷோரூமுக்குப் போனது, ஒன்று விடாமல் புட்டுப் புட்டு வைத்தேன். ஜெபத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதுதான் எனக்கு வசதி. போதகர் இருமிப் பார்த்தார், ஒரு பாட்டைக்கூட எடுத்துக்கொடுத்துப் பார்த்தார், கூடப் பாட ஆள் இல்லை. நான் கண்ணைத் திறந்தேன், அவனும் திறந்திருந்தான், முகத்தில் ஈயாடவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பிரயாணத்தைத் தடுத்துப்போடும், மீறிப் புறப்பட்டால் காலை உடைத்துப்போடும் என்று கேட்டு முடித்தேன். அவ்வளவு பேர் இருந்த ஹாலில் ஒரே ஒரு ஆமென் கேட்டது. சம்பந்தியம்மாவுடையது.

யாரிடமும் சொல்லாதே அம்மா என்று நீ சொல்லியிருந்தாய், சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே தங்கம். மறுநாள் காலையில் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன், சம்பந்தியம்மா வந்து மேஜையில் அவன் பாஸ்போர்ட்டை வைத்தார். குளிக்கும்போது எடுத்துட்டு வந்தேன், அன்னைக்குக் கதவு சத்தமும் அவ கத்தினதும் அடுப்படியில நின்ன எனக்குக் கேட்டுச்சு, கேக்காத மாதிரி இருந்துட்டேன், எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன் என்றார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை, நின்றுகொண்டேதான் பேசினார். போகும்போது, நானும் பெத்தவதானே, அந்தக் காலை உடைன்னு கேட்டதை மட்டும் வாபஸ் வாங்கிட்டு எம்புள்ளைக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிங்க என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்து, அவர் மூலமாகப் புகாரும் கொடுத்துப் பாஸ்போர்ட்டையும் போலீஸில் ஒப்படைத்தாயிற்று. ஆனால் வழக்கு நிற்கவேண்டுமானால் நடந்ததை நீ உன் வாயால் சொல்லவேண்டுமாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். அதனால் வெட்கத்தை ஓரமாக வை, வழுக்கி விழுந்தேன் என்று இனி எந்த இடத்திலும் சொல்லாதே.

சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டபடி காலை வாபஸ் வாங்கிவிட்டேன். உனக்காக ஜெபித்து முடித்ததும் தினமும் அவனுக்காகவும் ஜெபிக்கிறேன், மனப்பூர்வமாகத்தான் ஜெபிக்கிறேன். ஆண்டவரே, அவனுக்கு நோய்நொடி வராமல் பார்த்துக்கொள்ளும், பல்லில் ஒன்றுகூட ஆடாமல் திடகாத்திரமாக வையும், நீண்ட ஆயுளைக் கொடும், நல்ல ஞாபகசக்தியைக் கொடும், நீதிபதி எத்தனை வருஷம் போடுகிறாரோ அத்தனை வருஷத்தையும் ஒரு நாள்கூடக் குறையாமல் அவன் உள்ளே இருந்து அனுபவிக்கவேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வக்கீலம்மா இந்த வாரம் கூப்பிடுவார், மென்று முழுங்காமல் பேசு. நீ அனுப்பிய புது விலாசத்தை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, அவரும் எனக்குத் தெரியவேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
அவனை இன்னும் மன்னிக்காத உன் அம்மா