கொம்பில் பூ வைத்த எருமை

நிகடி, புனே
9.6.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓசூர்வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: அப்பா பிடித்திருக்கும் புது வீட்டுக் குழாயில் இன்று காலை பத்து நிமிடம் தண்ணீர் வந்தது.

அப்பா சாமர்த்தியசாலி. பக்கத்துப் போசரியில் வேலைக்குச் சேர்ந்த கையோடு பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே வீடு பார்த்துவிட்டார். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்கவில்லை. பால்கனியில் நின்றால் பள்ளி மைதானம் தெரிகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தங்கச்சியின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே இரண்டாம் வகுப்பில் இடம் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு கேட்ட எனக்கு இந்தித் தேர்வு வைத்தார்கள். விடைத்தாள் முழுக்க ஓர் எருமையை வரைந்து, கொம்பில் பூவும் வைத்துக் கொடுத்தேன். தலைமையாசிரியை அதை அப்பாவிடம் நீட்டி, வேண்டுமானால் ஏழாம் வகுப்பில் உட்காரட்டும் என்றார்.

"என்னடா இது?"

"எருமைப்பா. சாயல் தெரியலையா?"

"ஊர் மாறியும் திமிர் அடங்கலையே! நீ ஓசூர் ஹாஸ்டல்லயே கெட. உங்கம்மா வந்ததும் நாங்க மூணு பேரும் இங்க இருந்துக்கறோம்."

மூன்று பேருக்கு இந்த வீடு தாராளம். எனக்கென்ன, ஹாஸ்டலில் நான்தான் ராஜா.

அம்மா, சிரிக்காதே. அரை மணி நேரம் அந்தக் கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. நம் பள்ளியில் இந்தி ஏது? வெறும் தாளைக் கொடுக்க வெட்கமாக இருந்தது, அதனால்தான் எருமை. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் ஏழாம் வகுப்பு மகன்