பதினோராம் கட்டிலின் கயிற்றை அறுத்தது குறித்து

அனுப்புநர்:
பெண்கள் பொது வார்டு 11ஆம் கட்டில் நோயாளியின் கணவர்,
நூற்பாலை மெக்கானிக் (ஓய்வு).

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொதுச் சுகாதாரத் துறை.

பொருள்: என் மனைவி நர்சைக் கூப்பிடக் கட்டியிருந்த கயிற்றை அறுத்து, அவர் கூப்பிடவே இல்லை என்று அறிக்கை எழுதியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கூப்பிட இருந்த ஒரே வழியையும் வார்டு மேற்பார்வையாளர் கத்தரியால் வெட்டினார். வெட்டிய பன்னிரண்டாம் நாள் என் மனைவிக்கு மூச்சடைத்தது. நடந்த தவறு இதுதான். மீதியெல்லாம் விவரம்.

2. பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கை விரல்களில் வலு இல்லை. அந்தக் கையை மார்புப் பக்கம் இழுக்க மட்டும் முடியும். எனக்கு வார்டுக்குள் அனுமதி மாலை நான்கு முதல் ஆறு வரை. மற்ற இருபத்திரண்டு மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று டாக்டர்களிடம் கேட்டேன். பெரிய சிக்கல்தான் என்றார்கள்.

3. நான் ஒரு சில்வர் டம்ளருக்குள் போல்ட் ஒன்றைத் தொங்கவிட்டு, சலைன் கம்பியில் மாட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றை அவர் மணிக்கட்டில் தளர்வாகக் கட்டினேன். இரண்டு அங்குலம் இழுத்தால் ஒலிக்கும். நாற்பத்து மூன்று நாட்கள் ஒலித்தது. ஒவ்வொரு முறையும் நர்சு வந்தார். "பெரியவரே, வீட்டுல இருந்த காலத்துல உங்களைக்கூட இவ்வளவு அதிகாரமா கூப்பிட்டிருக்க மாட்டாங்க" என்று ஒரு நர்சு சொன்னபோது, என் மனைவி பாதி வாயால் சிரித்தார். 8, 14ஆம் கட்டில்காரர்களும் தங்களுக்கு ஒன்று கட்டித் தரக் கேட்டார்கள்.

4. பிறகு புதிய அழைப்பு இயந்திரம் வந்தது. கட்டிலோரம் ஒரு பொத்தான், நர்சு மேசையில் ஒரு திரை. பொறியாளர் ஒவ்வொரு கட்டிலாக வந்து தம் விரலால் அமுக்கிப் பார்த்து, சரியாக இருப்பதாகக் கையெழுத்திட்டார். நூற்பாலையில் நாங்கள், இயக்கப்போகும் கை எது என்று பார்த்த பிறகே கைப்பிடி வைப்போம். நான் ஆறாம் வகுப்பு. அவர் பட்டதாரி.

5. மேற்பார்வையாளர் என் கயிற்றைப் பார்த்து, "என்ன தாத்தா, ஆஸ்பத்திரியை மாட்டுக் கொட்டகை ஆக்கிட்டீங்க?" என்று கேட்டார். பொத்தானை என் மனைவியால் அமுக்க முடியாது என்றேன். "பழகிக்குவாங்க" என்றார். கயிற்றை வெட்டினார். டம்ளர் குப்பைக் கூடைக்குப் போனது. எழுத்தில் புகார் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை இருக்கிறது, பதில் இல்லை.

6. கடந்த மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, படுத்தபடியே வாந்தி வந்திருக்கிறது. என் மனைவி இடது கையை மார்பை நோக்கி இழுத்து இழுத்துப் போட்டதை 12ஆம் கட்டில் அம்மாள் பார்த்திருக்கிறார். எழுந்திருக்க முடியாத அந்த அம்மாள் கத்தித்தான் ஆட்கள் வந்தார்கள். இப்போது என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். அந்தக் கையும் அசையவில்லை. இனி அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

7. விசாரணை அறிக்கையில் இருப்பது: "இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. நோயாளி அழைக்கவில்லை." 12ஆம் கட்டில் அம்மாளை எவரும் விசாரிக்கவில்லை.

ஆகவே, செய்யப்பட வேண்டியவை:

அ) மருத்துவமனைக் கண்காணிப்பாளர், 8, 14ஆம் கட்டில்களுக்கு இன்றே கயிறு கட்ட அனுமதிக்க வேண்டும். சுத்தம் போதாது என்றால் தினமும் கொதிநீரில் போட்டு எடுத்துத் தருகிறேன்.

ஆ) பொறியாளர், விரல்களை மடக்கிக் கட்டிக்கொண்டு 11ஆம் கட்டிலில் படுத்து, பேசாமல், தம் இயந்திரத்தால் ஒரு நர்சை வரவழைத்துக் காட்ட வேண்டும்.

இ) மேற்பார்வையாளர், கயிற்றை வெட்டியது தாம்தான் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஈ) விசாரணை அதிகாரி, 12ஆம் கட்டில் அம்மாளின் வாக்குமூலத்தைப் பெற்று, "நோயாளி அழைக்கவில்லை" என்பதை அடித்துவிட்டு, "நோயாளி அழைத்தார்" என்று எழுத வேண்டும். என் மனைவி உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும்.

இடம்: தீவிர சிகிச்சைப் பிரிவு வெளித் தாழ்வாரம்
நாள்: 17.06.2019

இப்படிக்கு,
பதில் வரும்வரை இங்கேயே இருக்கும்,
(கையொப்பம்)
11ஆம் கட்டில் நோயாளியின் கணவர்